வாசனை இல்லாத ஆவி

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கனடாவில் லனார்க் பக்கம், மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சி எடுக்கிற உள்ளூர்ப் பாகு யார் யாரிடம் கிடைக்கும் என்று வருடாவருடம் ஒரு தாள் அச்சடித்துக் கடைகளில் வைக்கிறார்கள். போன வருடத்துத் தாள் இன்னும் கிடந்தது; அதைக்கூட எடுத்துப் பார்க்காமல், சாலையிலிருந்து எந்தக் கொட்டகையில் ஆவி எழும்புகிறதோ அங்கே வண்டியைத் திருப்பினேன். உள்ளே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

நான் அங்கே இருந்தது ஐந்தே நிமிடம். அதற்கு முன் நடந்ததை, அந்த இருவரில் ஒருத்தியான ஆர்லீன் கில்லிஸ் பிறகு தொலைபேசியில் சொன்னாள், பாதியில் போனை வைத்தும் விட்டாள். மீதி என்னுடையது. எது யாருடையது என்று முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "மார்ச் மாதக் காலை, பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்க, மேப்பிள் மரங்கள் வரிசையாக" — வேண்டாம். அங்கே மரங்கள் இல்லை. விஷயமே அதுதான்.

இரண்டாம் தொடக்கம்: ஆர்லீனை அவள் கண் ஏமாற்றியிருக்கிறது, மூக்கு ஏமாற்றியதில்லை.

இது இருக்கட்டும்.

அந்தத் தாளைத் தயாரிப்பவள் ஆர்லீன்தான். இருபத்திரண்டு வருடமாக. ஒரே விதி: சொந்த மரத்து நீர், சொந்த அடுப்பு. பதினோரு பெயர்கள். நான் போன அன்று மாலை நான்கு மணிக்குள் புதுத் தாள் அச்சுக்குப் போக வேண்டும். பத்துப் பேரைப் பார்த்தாகிவிட்டது. பாக்கி டெல்பர்ட் மக்காய், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

போன மே மாதப் புயலில் அவன் தோப்பு பத்து நிமிடத்தில் படுத்துவிட்டது. மறுநாள் விழுந்த மரங்கள்மேல் ஏறி இறங்கி அவனோடு நடந்தவள் ஆர்லீன். "மேட்டுப் பக்கம் நானூறு மரம் நிக்குது, அது போதும்" என்று அன்று சொன்னான். அதனால் தூரத்தில் வெள்ளை ஆவியைப் பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். (இதை அவளே சொன்னாள்.) வண்டியை விட்டு இறங்கினாள். கதவைச் சாத்தினாள். நின்றாள்.

மர நீர் கொதித்தால் அந்த இனிப்பு வாசல்வரை வந்து தலைமுடியில் ஒட்டும். இங்கே ஒன்றுமில்லை. துணி வெளுக்கிற இடம் மாதிரி வெறும் ஈரம்.

3

"என்ன டெல், என்ன கொதிக்குது?"

"கண்ணு தெரியலையா? பாகுதான்."

ஆர்லீன் சுவரில் மாட்டியிருந்த கரண்டியை எடுத்தாள்.

"கரண்டியை வை, ஆர்லீன்."

அவள் வைக்கவில்லை. கொதிக்கிற தொட்டியில் முகந்து, ஊதி, ஒரு வாய் குடித்தாள். "கிணத்துத் தண்ணி. கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக்கிட்டிருக்கே."

அவன் அடுப்பில் ஒரு கட்டையைத் திணித்தான். அவனுக்குப் பின்னால் நான்கு நீலப் பீப்பாய்கள், வேறு மாகாணத்திலிருந்து வாங்கிய பாகு. பக்கத்தில் அடுக்கிய தகர டப்பாக்களில் 'எங்கள் மரங்களிலிருந்து' என்று ஒட்டியிருந்தது.

"அதுவும் மரத்துலேர்ந்து வந்ததுதான்" என்றான்.

"உன் மரம் இல்லையே. நானூறு நிக்குதுன்னியே?"

"அறுபது. அதுலயும் பாதி பொளந்து கெடக்கு."

(இந்த இடத்தில், முதல் பிரதியில், படுத்த படுக்கையாக ஒரு மனைவியை வைத்திருந்தேன். ஜன்னல் வழியே ஆவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கே அழுகை வந்தது, அதனால் அடித்துவிட்டேன். டெல்பர்டின் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒட்டாவாவில் சௌக்கியமாக இருக்கிறாள்.)

தண்ணீர் கொதிப்பதற்கு உண்மைக் காரணம் மகன். அவன் மேற்கே கால்கரியில் இருக்கிறான்.

"கெவின் தினம் போன் பண்றான். புகைபோக்கியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்றான், ஆர்லீன். பாதி நிலம் அவன் பேர்ல இருக்கு. அடுப்பு எரியலேன்னு தெரிஞ்சா அடுத்த வாரமே நிலத்தை வாங்கற ஆளோட வந்து நிப்பான்."

"பர்க் வீட்ல தூங்காம காய்ச்சறாங்க. தாள்ல அவங்க பேருக்குக் கீழ உன் பேரை எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போடுவேன்?"

"பேரை எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். நீ ஒருத்தி மூக்கைப் பொத்திக்கோ, போதும்."

"மிரட்டறியா?"

"கெஞ்சறேன். வித்தியாசம் தெரியலையா உனக்கு?"

ஆர்லீன் அப்போது நினைத்தது [இங்கே மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். என்ன நினைத்தாள் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்ததும் அங்கேதான்.]

4

நான் உள்ளே நுழைந்தேன், காலணியில் அரைப்படி சேற்றோடு. ஒரு டப்பாவைக் கையில் எடுத்தேன். ஆர்லீன்தான் உரிமையாளர் என்று நினைத்து அவளிடம் கேட்டேன்:

"இது இங்க உள்ள மரத்துப் பாகுதானே?"

அவளுக்காக இரண்டு பதில்கள் எழுதிப் பார்த்தேன். 'ஆமாம்' என்றால் இருபத்திரண்டு வருட நாணயம் ஒரே சொல்லில் போய்விடும். 'இல்லை' என்றால் எனக்கு எதிரிலேயே அவன் மானம் போகும். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"அவரைக் கேளுங்க."

நான் திரும்பினேன். டெல்பர்ட் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான். தொட்டியில் தண்ணீர் தளதளத்தது. நான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றேன். டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் அவனே என் கையிலிருந்து அதை வாங்கி, அடுக்கில் வைத்தான்.

"இங்க கெடைக்காதுங்க. பாலம் தாண்டி ரெண்டாவது திருப்பத்துல பர்க்னு ஒரு வீடு. அங்க போங்க. ஆளுக்குத் திமிரு ஜாஸ்தி. பாகு நல்லாயிருக்கும்."

"அப்போ இது?" என்று தொட்டியைக் காட்டினேன். புரியாமல்தான் கேட்டேன்.

"தண்ணி" என்றான் டெல்பர்ட். வாய்விட்டு அந்தச் சொல்லை அவன் முதன்முறை சொன்னதே அப்போதுதான் என்று எனக்கு அன்று தெரியாது.

5

முடிவுகள் மூன்று எழுதினேன். நான்கு மணிக்குள் ஆர்லீன் அவன் பெயரை அடித்துவிடுகிறாள். அல்லது அடிக்காமலே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு தாள் தயாரிப்பதையே விட்டுவிடுகிறாள். அல்லது இரண்டு பேரும் மேட்டில் ஏறி, நிற்கிற மரங்களில் நீர் இறக்கத் துளை போடுகிறார்கள். இது என் ஆசை, நம்பாதீர்கள். அந்த வருடத்துத் தாளை நான் இன்றுவரை வேண்டுமென்றே பார்க்கவில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது. சாலையில் இன்னொரு கார் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. காருக்குள்ளே குழந்தைகள் ஆவியைக் காட்டிக் கை நீட்டினார்கள். டெல்பர்டும் அதைப் பார்த்துவிட்டான். அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது போல. குனிந்து அதன் கதவைத் திறந்தான், பார்க்காமலே பின்பக்கம் கையை நீட்டினான். விறகு ஆர்லீன் பக்கம் இருந்தது. அவள் கையில் ஒரு கட்டை. அதை அவனிடம்

என் சக்கரம் சேற்றில் வழுக்கியது. நான் சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் அவள் கையைப் பாருங்கள்.