பதினோரு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்

இதனால் கல்வராயன் மலையில் வாழும் மரம், மந்தி, மனிதர் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: செல்போன் டவர்களுக்கு டீசல் ஊற்றும் ஒப்பந்தக்காரர் திருவாளர் கலியமூர்த்தி அவர்கள், தம் பன்னிரண்டு தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு இரட்டை சிம் போன் வழங்கியருளினார். முதல் சிம் அவரவர் சொந்தம். இரண்டாவது, முதலாளி தந்தது. வேறு கம்பெனி நெட்வொர்க். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். ஆகவே 'ஆள் கிடைக்கவில்லை' என்ற பேச்சே இனி மலையில் இருக்கக் கூடாது. தினமும் காலை ஆறரைக்கு அவர் கூப்பிடுவார். மூன்று முறை கிடைக்காதவனுக்கு வேலை கிடையாது.

அந்த ஆறரைக்குள் பைரோஸ் இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றி, கரியாலூருக்கு மேலே பனியில் வழுக்கும் பாறைகளில் கால் ஊன்றி, டவர் வரை ஏறிவிட வேண்டும். மூடி ஒழுகும். டீசல் கழுத்து வழியாக இறங்கி முதுகில் எரியும். மேலே ஏறி ஜெனரேட்டரைக் கிளப்பினால், மலையிலிருக்கும் எல்லாரும் எல்லாரோடும் பேசலாம். பைரோஸிடம் பேசத்தான் ஆள் இல்லை.

கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். கடை இருந்த கட்டடத்தை இடித்த பிறகு மனைவி மெகருன்னிசாவையும் மகளையும் டவுனில் விட்டுவிட்டு மலையேறி மூன்று வருடம். முதலாளி தந்த சிம்மில் முதலாளியை மட்டுமே கூப்பிட முடியும். ஒருநாள் தனிமை தாங்காமல் தன் சிம்மிலிருந்து அந்த இரண்டாவது சிம்முக்கே அடித்துப் பார்த்தான். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றது ஒரு பெண்குரல். அந்த போன் அவன் காதில்தான் இருந்தது.

ரிப்பேர்காரனுக்கு இதில் வியப்பில்லை. விலை குறைந்த இரட்டை சிம் போன் சும்மா இருக்கும்போது இரண்டு நெட்வொர்க்குகளையும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் இமைப்பதற்குள் இங்கே ஒரு பார்வை, அங்கே ஒரு பார்வை. ஒன்றில் பேச்சைத் தொடங்கிவிட்டால் மற்றது அம்போ.

புதன்கிழமை வாட்ஸ்அப் குழுவில் முதலாளியின் செய்தி வந்தது. அந்தக் குழுவில் அவர் மட்டும்தான் எழுத முடியும். 'ராமசாமி. மூன்று முறை கிடைக்கவில்லை. நீக்கப்பட்டார்.'

ராமசாமியை பைரோஸ் பார்த்ததே இல்லை. ஆனால் குழுவில் எல்லாருடைய நம்பரும் தெரிந்தது. கூப்பிட்டான்.

"ஆஸ்பத்திரியில கீறம்பா" என்றார் ராமசாமி. "ஜெனரேட்டரு ரேடியேட்டர் மூடியத் தொறந்தேன், கொதிக்கிற தண்ணி கையில ஊத்திக்கிச்சு. ஜீப்காரனுக்கு போனுல வழி சொல்லிக்கினே இருந்தேன், இருவது நிமிசம். அந்த நேரம் பாத்து மூணு தபா அடிச்சிருக்காரு."

பைரோஸ் முதலாளியைக் கூப்பிட்டான்.

"ரெண்டு சிம்மு குடுத்தேன், ரெண்டு டவரு. அப்புறம் இன்னாத்துக்குய்யா கெடைக்கல?"

"சிம்மு ரெண்டுதாங்க. உள்ள நெட்வொர்க் ஐசி ஒண்ணுதான். ஒண்ணுல பேசினா இன்னொண்ணு செத்துடும். கம்மி வெலையில வாங்கனீங்களே, அதாங்க."

"எனக்கே பாடம் நடத்தறியா? கை வெந்தா மொதல்ல எனக்குச் சொல்லணும்."

"சொன்னா நீங்க ஜீப் எடுத்துக்கினு வருவீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த சிக்னலில் குறை இல்லை.

அன்று முழுக்க பைரோஸ் மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். அடுத்த மலை டவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாள் முதலில் சந்தேகப்பட்டாள்.

"யாருங்க நீங்க? காலங்காத்தால முதலாளி கொரலத் தவுர இந்த போனுல யாரும் பேசறதில்லியே."

"கரியாலூர் டவரு பைரோஸுங்க. நாளைக்கு ஆறரைலேந்து ஏழு வரிக்கும் சுபாஷ்னு நம்ம ஆளு ஒருத்தர் கூப்பிடுவாருங்க உங்க சொந்த சிம்முல. பேசிக்கினே இருங்க, முதலாளி அடிச்சா யாரும் கெடைக்கக் கூடாது. ராமசாமிய திரும்ப எடுக்கற வரிக்கும் தெனமும்."

"மொகம் தெரியாத ஆளுகிட்ட அரைமணி நேரம் இன்னாத்தப் பேசறது?"

"இன்னா கொழம்புன்னு கேளுங்க."

"அவரு கேக்கட்டும். நான் சொல்றேன்."

இப்படி இரண்டிரண்டு பேராக ஐந்து ஜோடி சேர்ந்தது. திட்டம் போட்ட மேதைக்கு அப்போதுதான் உறைத்தது: பதினோரு பேரில் அவன் ஒருவன் தனியாக மிஞ்சினான்.

மறுநாள் ஆறு இருபத்தெட்டு. பைரோஸ் மெகருன்னிசாவுக்கு அடித்தான், எடுக்கவில்லை. பனிக்குள் டவர் பாதிதான் தெரிந்தது. மலை முழுக்கப் பத்துப் பேர் பேசப் போகிறார்கள். அவன் ஒருவன் மட்டும் முதலாளிக்குக் கிடைக்கப் போகிறான். கருங்காலி என்று பெயரெடுக்க இன்னும் இரண்டு நிமிடம்.

முதல் சிம் அடித்தது.

"பைரோஸு, நான்தான் ராமசாமி. எடது கையால அடிக்கறேன். உனக்கு ஜோடி இல்லியாமே, ஆயம்மா சொல்லிச்சு."

"அண்ணே..." என்றான் பைரோஸ்.

"பேசுயா! பேசாம இருந்தா நீ கட் பண்ணிட்டேன்னு நெனைச்சுக்குவேன்."

கீழே கலியமூர்த்தி பதினோரு பேருக்கும் வரிசையாக அடித்தார். தான் தந்த சிம்முக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. சொந்த சிம்முக்கு அடித்தால் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நூறு சதவிகிதத் தொடர்பு, ஆனால் அவரோடு இல்லை. பதினோரு பேரையும் நீக்கினால் கேனைத் தன் தோளில்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அந்த அரைமணி நேரத்தில் அவர் கணக்குப் போட்டிருக்கக்கூடும்.

ஏழு மணிக்கு பைரோஸ் கிடைத்தான்.

"எத்தினி நாளைக்குயா இப்படிப் பேசுவீங்க? பேச இன்னா கீது உங்களுக்கு?"

"மூணு வருசப் பேச்சு பாக்கி கீதுங்க. ராமசாமி அண்ணன எடுங்க, நிறுத்திக்கறோம்."

முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாளும் ஆறரைக்குப் பேசினார்கள். அதற்கு மறுநாளும். சுபாஷுக்கு இப்போது ஆயம்மாள் வீட்டு மாடு கன்று போட்ட தேதி வரை தெரியும்.

முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ராமசாமிக்கு வேலை இல்லை.