பந்து போய் உட்காரும் தலை

சிமெண்ட் கிடங்கின் கால்பந்து அணியிலிருந்து, கம்பம் என்று எல்லோரும் கூப்பிடும் ஆளை நீக்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் தொடங்கிய பதினான்காவது நிமிடத்தில், மேலே உதைத்த பந்து மைதானத்துச் சுவரைத் தாண்டி, இரண்டு தெருக்களைக் கடந்து, தன் வீட்டு வாசற்படியில் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டிருந்த கம்பத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அவர் பந்தை எடுத்துப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தார். யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். வாங்க வந்தவர் ஊசி. ஊசி அவருக்குச் சகலை. அக்காவைக் கம்பம் கட்டியிருந்தார், தங்கையை ஊசி கட்டியிருந்தார். கம்பத்தை அணியிலிருந்து நீக்கவைத்ததும் ஊசிதான். இந்த இரண்டில் எந்தக் காரணத்துக்காக அவரை அனுப்பினார்கள் என்று அணியில் யாரும் விளக்கவில்லை.

இருவருக்கும் ஒரே கிடங்கில்தான் வேலை. கம்பம் ஆறடி நான்கு அங்குலம். லாரியிலிருந்து இறங்கும் மூட்டையைத் தலையில் வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்குகிறவர். ஊசி அவர் நெஞ்சுக்குத்தான் வருவார். லாரியின் மேல் நின்று மூட்டையைப் புரட்டி, கீழே நிற்பவர் தலையில் வைக்கிறவர். தலையில் வாங்குகிறவருக்குச் சில சட்டங்கள் உண்டு. சுமை வரும்போது அண்ணாந்து பார்க்கக் கூடாது, கழுத்து போய்விடும். ஏறியதும் சட்டென்று திரும்பக் கூடாது, இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்று மூச்சு விட்டு, உடம்பு சுமையை ஏற்றுக்கொண்ட பிறகே அடி எடுத்து வைக்க வேண்டும். இருபது வருடம் இப்படி நின்றவருக்கு மைதானத்தில் மட்டும் வேறு மாதிரி நிற்க எப்படி வரும். எதிரணியின் கோலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்பார். கிடங்கு அணியின் பின்வரிசையிலிருந்து யார் எப்படி மேலே உதைத்தாலும் பந்து அவர் தலையைத் தேடி வரும். எதிர்க்காற்றிலும் வரும். கோணலாக உதைத்தால் வளைந்து வரும். வந்தது தெறிக்காது, மூட்டை மாதிரி உட்கார்ந்து, ஒரு நொடி இருந்து, நெற்றி வழியாக இறங்கி, எதிரே ஓடி வரும் ஊசியின் காலுக்கு முன்னால் விழும். அதற்குள் எதிரணியின் தடுப்பு ஆட்கள் இரண்டு பேர் கம்பத்தின் தோளில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஊசி அந்த மூவரையும் சுற்றிப் போய் அடிப்பார். ஒன்பது வருடத்தில் ஊசி அடித்த கோல்கள் நூற்று அறுபத்து மூன்று. கம்பம் ஒன்றுகூட அடித்ததில்லை.

வருடக் கடைசியில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கிடங்கு நிர்வாகம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுக்கும். ஒன்பது கடிகாரமும் கம்பத்தின் வீட்டுச் சுவரில்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு நிமிடம் முன்பின்னாக ஓடியதால், அந்த வீட்டில் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கினால் அடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஊசியின் வீட்டில் கடிகாரம் கிடையாது. மணி பார்க்க வேண்டுமென்றால் அவர் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கடையில் ஒன்று வாங்கலாம் என்றால் ஊசி வாங்கவிடமாட்டார். கோல் அடிக்கிறவன் ஒருத்தன், கடிகாரம் வாங்குகிறவன் ஒருத்தனா என்று அவர் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புலம்பியபோது, அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"மாமா தலையில வந்து விழுது, நீங்க கால நீட்டுறீங்க. அவ்வளவுதானே?"

அன்றிலிருந்து ஊசிக்கு விலாவுக்குக் கீழே ஓர் எரிச்சல். டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்துப் பார்த்தார், எரிந்தது. காரத்தை அடியோடு விட்டார், அப்போதும் எரிந்தது. கம்பம் லீவு போடும் நாட்களில் மட்டும் கொஞ்சம் அடங்கியது. இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை.

அணியை நடத்தியவர் கிடங்கின் எடைக்காரர், லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்குகிறவர். அந்த வருடம் அணி அரையிறுதியில் தோற்றதும், ஊசி மூன்று வாரம் எடைமேடைக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டார். முன்னால் ஓர் ஆளை நட்டுவைத்து அவன் தலையைக் குறிபார்த்து உதைப்பதெல்லாம் பழைய ஆட்டம் என்றார். அந்த ஆள் இருப்பதால்தான் பின்னால் நிற்கிறவனுக்கு யோசிக்கத் தோன்றவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மேலே தூக்கிவிடுகிறான் என்றார். பந்து தரையில் ஓட வேண்டும், பத்துப் பேரும் ஓட வேண்டும், கோலே அடிக்காத ஃபார்வர்டை எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்றார். சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. அந்தப் பாதியை வைத்துத்தான் எடைக்காரர் முடிவெடுத்தார். சேதியைச் சொன்னபோது கம்பம் சரி என்றார். மறுநாள் தன் பனியனைத் துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அது வேறு ஊசிக்கு எரிந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பந்து பறந்தபோது காற்று என்றார்கள். அடுத்த வாரம் நடுவர் மூன்று பந்துகள் கொண்டுவந்தார்; மூன்றும் போயின. கம்பம் வீட்டுக்குள் இருந்தால் பந்து ஜன்னல் வழியாகத் தாழ்ந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்தால் குளியலறைக் கூரைத் தகட்டின் மேல் உட்கார்ந்து அவர் வெளியே வரும்வரை காத்திருந்தது. ஐந்தாவது வாரம் கால்பந்துச் சங்கத்தில் கூடிப் பேசி, அந்த வீட்டுக்குப் போன பந்தை வெளியே போன பந்தாகவே கொள்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எதிரணிகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. நெருக்கடி வந்தால் மேலே உதைத்துவிடுவார்கள். மைதானத்திலிருந்து கம்பத்தின் வீட்டுக்கு நானூற்று இருபது அடி நடை. சொந்தக்காரர் என்பதால் ஊசிதான் போய் வாங்கி வருவார். திரும்பும்போது மற்ற இருபத்தோரு பேரும் புல்லில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள்.

தரையில் ஆடிய ஆட்டம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பந்து கால்களுக்கு நடுவே எலி மாதிரி ஓடியது, ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயித்தார்கள், தள்ளாடித் தள்ளாடி இறுதியாட்டத்துக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் முன்னால் யாராவது நிற்க வேண்டுமே, ஊசியை நிறுத்தினார்கள். கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற முதல் நாளே, கம்பத்தின் தோளில் தொங்கியவர்கள் எத்தனை கனம் என்று ஊசிக்குத் தெரிந்துவிட்டது. கணுக்காலில் உதைத்தார்கள், முழங்கையால் முதுகில் குத்தினார்கள். பந்து அவர் காலில் நிற்கவில்லை. ஏழு ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்தார், அதுவும் பின்னங்காலில் பட்டுப் போனது. வேறொருவராக இருந்தால் இதிலிருந்து புத்தி வந்திருக்கும். ஊசிக்கு வந்தது புதிய எரிச்சல். மனிதர்கள்தான் அந்தப் பக்கம் என்றால் பந்துமா என்று இருந்தது.

ஒரு விடிகாலையில் யாருக்கும் தெரியாமல் மைதானத்துக்குப் போய், தலையில் சாக்குச் சும்மாட்டை வைத்துக்கொண்டு, பந்தை மேலே உதைத்துவிட்டு அதன் அடியில் நின்றார். பந்து அவரைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, நேராகத் தெருப் பக்கம் போய்விட்டது. இறுதியாட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் பந்து பறந்தபோது, அதைவிட வேகமாக ஓடி, அது வந்து சேரும் முன்பே கம்பத்தின் வாசற்படியில் அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து, கழுத்தை எட்டினவரை நீட்டினார். பந்து மேலே வந்து இரண்டு தலைக்கும் நடுவே சற்றுத் தயங்கியது. பிறகு கம்பத்தின் தலையில் உட்கார்ந்தது. கம்பம் அதை எடுத்து ஊசியின் மடியில் வைத்தார்.

"எப்படிண்ணே வருது? என்னதான் பண்றே?"

"ஒண்ணும் பண்ணல தம்பி. மூட்டைன்னு நெனச்சு நிக்கிறேன்."

உள்ளே கடிகாரங்கள் நாலு அடிக்கத் தொடங்கி, ஒவ்வொன்றாக முடித்தன. அதுவரை காத்திருந்துவிட்டுக் கம்பம் சொன்னார்:

"நீ அடிச்ச கோல்ல நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல, தெரியுமா? சுமை எறங்கி, மூணு மூச்சு விட்டு, நான் திரும்புறதுக்குள்ள எல்லாரும் உன்னத் தூக்கிட்டு ஓடிருப்பாங்க. சத்தம்தான் கேக்கும். ஒம்பது வருஷமா வயிறு எரிஞ்சிருக்குடா."

ஊசி சரிண்ணே என்று எழுந்து நடந்தார். நானூற்று இருபது அடியும் நடந்து மைதானத்துக்குள் நுழைந்த பிறகுதான் பந்தை எடுத்து வரவில்லை என்று மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. விலாவுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். அங்கே குளுகுளுவென்று இருந்தது. தன்னைப் பார்த்தும் ஒருவருக்கு வயிறு எரிகிறது, அதுவும் இந்த ஆளுக்கு. உடனே எடைக்காரரிடம் போய், இறுதியாட்டத்துக்கு அண்ணன் வேண்டும், தரை ஆட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முன்னால் ஒரு கம்பம் இருந்தே ஆக வேண்டும் என்றார். ஊசிக்கு மனசு பெரிசு என்று எடைக்காரர் எல்லோரிடமும் சொன்னார். மனசு பெரிதானதெல்லாம் இல்லை. இனி அடிக்கப்போகும் ஒவ்வொரு கோலையும் அந்த ஆள் கண்ணால் பார்த்து எரிய வேண்டும் என்று ஊசிக்கு ஆசை.

இறுதியாட்டத்தில் எழுபத்தெட்டு நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் மேலே உதைத்தார். பந்து வந்து கம்பத்தின் தலையில் உட்கார்ந்து, நெற்றி வழியாக இறங்கி, ஊசியின் காலுக்கு முன்னால் விழுந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. ஊசி அடிக்கவில்லை. பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, திரும்பு."

"இருடா, இன்னும் மூச்சு விடல."

"விடு, விடு. நான் நிக்கிறேன்."

கம்பம் மூன்று மூச்சு விட்டார். அவர் தோளில் தொங்கியவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, அவர்களும் நின்றார்கள். மைதானமே கத்தியது. ஊசியின் மனைவி கத்தியது தனியாகக் கேட்டது. கம்பம் நான்கு அடி வைத்து, இரண்டு பேரையும் தோளில் சுமந்துகொண்டே திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரணியின் கோலைப் பார்த்து நின்றார். அதற்குள் கோல்கீப்பர் ஓடி வந்துவிட்டார். ஊசி அடித்தது அவர் கையில் பட்டு நேர் மேலே எழும்பியது. மேலே எழும்பிய பந்து எங்கே போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அது கம்பத்தின் தலையில் உட்கார்ந்தது, ஒரு நொடி இருந்தது, வழக்கம்போல நெற்றி வழியாக முன்பக்கம் இறங்கியது. இந்தத் தடவை முன்பக்கம் இருந்தது கோல். பந்து அவசரமில்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டியது.

அந்த ஒரு கோலில் ஜெயித்த கோப்பை இன்றும் எடைமேடைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, லாரி ஏறும்போதெல்லாம் ஆடும். ஊசிக்கு எரிச்சல் திரும்பி வந்து, இடப்பக்கத்துக்கும் பரவி, அப்படியே தங்கிவிட்டது. அதோடு வேலைக்குப் போகிறார், ஆடுகிறார், சாயங்காலமானால் சகலை வீட்டு வாசற்படியில் போய் உட்காருகிறார். போகாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கம்பத்துக்கு அவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. மூட்டையின் வாயிலிருந்து சிமெண்ட் தூள் கொட்டும் என்பதால், தலையில் சுமை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வது கம்பத்தின் வழக்கம். அன்றும் மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் மேல் பத்துப் பேர் கிடந்தார்கள். கிடங்கு அணியில் அந்தக் கோலைக் கிட்டே இருந்து முழுதாகப் பார்த்தவர் ஊசி ஒருவர்தான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கம்பம் வாரம் தவறாமல் கேட்கிறார். போன வாரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, தெரியாத ஊர் மைதானத்துப் பந்து ஒன்று, சேறு பூசியபடி, மேற்கேயிருந்து வந்து அவர் தலையில் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்திலிருந்த மற்ற பந்துகளோடு வைத்துவிட்டு, சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுமாரா இருந்துச்சுண்ணே" என்றார் ஊசி.