அப்பாவின் நாற்காலிக்கு அடித்துக்கொண்ட ஆசாரியர்கள்

எல்கானாவின் கைகளுக்கு இரண்டு வேலை. காலையில் யூத ஜெப ஆலயத்தில் ஆசாரியனாகச் சபையை ஆசீர்வதிக்கும். பிறகு பொழுதுசாயும்வரை ஜெருசலேம் சந்தையில் கெண்டைமீன் தலையை வெட்டும். இரண்டாவது சோற்றுக்கு. முதலாவதுக்காகத்தான் அவன் உயிரோடு இருந்தான்.

அந்தச் சப்பாத் ஓய்வுநாளில் வாசித்த பகுதியே வினையாக அமைந்தது. ரெபெக்காளின் வயிற்றுக்குள் இரட்டையர் யாக்கோபும் ஏசாவும் முட்டிக்கொண்ட கதை. தோரா வேதச் சுருளைப் பேழைக்குள் வைத்ததுதான் தாமதம், எல்கானாவின் இரட்டைப்பிறவி பின்ஹாஸ், செத்துப்போன அப்பாவின் நாற்காலியில் போய்ச் சாவகாசமாகச் சாய்ந்தான்.

"எந்திரிடா."

"மூத்தவன் நான். என் காலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்த பய நீ, தள்ளி நில்லு."

"ஒரு தும்மல் நேரம் முந்தி வந்தா மூத்தவனா? அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டினது யாரு?"

"அதான் மீன் நாத்தத்துலயே போய்ச் சேர்ந்தாரு!"

முதல் குத்திலேயே பின்ஹாஸின் மூக்கு காதுப் பக்கமாகக் குடிபெயர்ந்தது. அவன் எல்கானாவின் தாடியை உலுக்கிய உலுக்கில் அரைக்கிலோ மயிர் கையோடு வந்தது. யாருடையதோ ஒரு பல் பெண்கள் மாடம்வரை பறந்தது. நாற்காலி கைமாறிக் கைமாறி இருவர் மண்டையிலும் இறங்கி விறகானது. "சப்பாத்துடா, பாவிகளா!" என்று விலக்க வந்தவர்கள் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கடைசியில் எல்கானா, ஆசாரியர் கைகழுவும் பித்தளைத் தாம்பாளத்தை அண்ணன் மண்டையில் ஓங்கிப் போட்டான். எரிகோ மதில் இன்னொருமுறை சரிந்ததுபோல் ஒரு சத்தம்.

பின்ஹாஸ் விழுந்தான். அசையவில்லை. தரையெல்லாம் ரத்தம்.

ஆசீர்வாதத்துக்கு முன் ஆசாரியர் கைக்குத் தண்ணீர் ஊற்றும் லேவியர் கெர்சோன் செம்போடு வந்து நின்றார். "இப்போ உன் கையில தண்ணி ஊத்தட்டுமாடா, வேணாமா?"

எல்கானா தன் கைகளைப் பார்த்தான். உயிரைப் பறித்த ஆசாரியன் ஆயுசுக்கும் ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கக் கூடாது. தம்பியைக் கொன்ற காயீனின் கைகள். இனி மீன் வெட்ட மட்டும்தான். தொப்பென்று முழங்காலில் விழுந்தான்.

"டேய் பின்ஹாஸ்! எந்திரிடா! நாற்காலி உனக்கே! நீதான்டா மூத்தவன்!"

ஒரு கண் மெல்லத் திறந்தது. "சத்தமா சொல்லு. பொம்பளைங்க மாடத்துக்குக் கேக்கல."

"எந்த நாற்காலிடா? அடுப்பெரிக்கத்தான் ஆகும்," என்றார் கெர்சோன். "அன்போட ஆசீர்வதிக்கிறோம்னு வாயால சொல்லணும். பகையோட மேடை ஏறக் கூடாது. ஏறுறீங்களா, வெளிய போறீங்களா?"

எல்கானாவின் கை இன்னொரு குத்துக்குப் பரபரத்தது. அதை அப்படியே நீட்டி அண்ணனைத் தூக்கி நிறுத்தினான்.

செருப்பைக் கழற்றினார்கள். கைகழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. பின்ஹாஸின் வலது கை தோளுக்கு மேல் எழவே இல்லை. "ஆசாரியர்களே!" என்று அழைப்பு வந்ததும், எல்கானா அவனைத் தன் தொழுகைப் போர்வைக்குள் இழுத்து, அந்தக் கையைத் தாங்கிப் பிடித்தான். ஆசாரியர் கையைப் பார்க்கக் கூடாதென்பதால் சபையே தலைகுனிந்திருந்தது.

"மீன் நாத்தம் தாங்கலடா," என்று போர்வைக்குள் முணுமுணுத்தான் பின்ஹாஸ்.

'அன்போடு' என்ற சொல் வந்த இடத்தில், எல்கானா அண்ணன் கையை அவசியத்துக்குச் சற்று மேலாகவே உயர்த்தினான். பின்ஹாஸ் அலறிய அலறலைப் பரவசமென்று நினைத்த சபை, கண் கலங்கி "ஆமென்!" என்றது.