முன்தளத்தில் ஹால்வர்

மூன்றாவது அடிக்கும் கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. தூர்டிஸ் முக்காலியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து நான்காவது முறை ஓங்கினாள். கேமராவை நிறுத்துவதற்கென்று நாற்பது ஆண்டுகளாக அவள் சுமந்து திரிந்த முக்காலி அது, நல்ல கனம். கப்பலின் வட்ட ஜன்னலில் பட்டுத் திரும்பி அவள் மணிக்கட்டைத்தான் நோகடித்தது. வெளியே, வட துருவத்துக்குப் பக்கத்து ஸ்வால்பார்ட் கடல், மிதக்கும் பனிப்பாளங்களோடு, ஒன்றும் நடக்காததுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

கீழ்க் கட்டிலில் அவள் புருஷன் ஹால்வர் செத்துக் கிடந்தார். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். ஒரு பூட்ஸ் காலில், இன்னொன்று கையில். கப்பல் டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, தூர்டிஸின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. கண்ணை மூடுவதும் தாடையைக் கட்டுவதும் காப்பிக்கு அடுப்பு மூட்டுவதும் அதற்குப் பிறகுதான். அவளுடைய வாட்ஸோ ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. போகிற உயிருக்கு ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தூர்டிஸ் தன் அம்மாவுக்குத் திறந்தாள். மாமியாருக்கும் திறந்தாள். அந்த மாமியாருக்கு மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று, வீட்டிலிருந்த எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். ஆனால் இந்தக் கப்பலின் கீழ்த்தட்டு அறைகளில் ஜன்னல் திறக்காது. தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதென்று பெரிய பெரிய திருகாணிகளைப் போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடித்த சத்தம் மேல்தட்டுவரை கேட்டிருக்க வேண்டும். கேப்டன் யோஸ்டைன் கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"ஜன்னலைத் திறக்கறேன்."

"அது திறக்காதும்மா."

"தெரியுது. அதான் உடைக்கறேன்."

"உடைஞ்சா கடல் உள்ள வந்துடும்."

"வரட்டும். அவர் இனிமே நனைஞ்சா என்ன, நனையாட்டி என்ன."

கேப்டன் முக்காலியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். கட்டிலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. நாற்பத்தைந்து வயது, வடக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவர், ஜன்னல் சங்கதி அவருக்கும் தெரியும்.

"எங்க ஊர்லயும் திறப்போம்தான்," என்றார். "ஆனா இங்க முடியாது. நீங்க சாப்பாட்டுக் கூடத்துல போய் கொஞ்சம் உட்காருங்க. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"என்னத்தப் பார்த்துக்குவீங்க?"

"குளிர் அறையில வச்சிடுவோம். வேலைக்காரங்க படி வழியா. யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்பதை ஓர் ஆறுதலாகத்தான் சொன்னார். தூர்டிஸுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"அதுக்கு முன்னாடி அவரை மேல கொண்டு போகணும், தம்பி. முன்தளத்துக்கு. ஜன்னல் திறக்காதுன்னா அவர் வெளிய போகட்டும். கால் மணி நேரம் போதும். அப்புறம் எந்த அறையில வேணா வச்சுக்கங்க."

"முன்தளத்துல முப்பது பேர் கேமராவோட நிக்கறாங்கம்மா. ஆறு நாளைக்கு அப்புறம் இப்பதான் ஒரு கரடி கண்ணுல பட்டிருக்கு. பயணிங்க பார்க்கிற மாதிரி சடலத்தைக் கொண்டு போகக் கூடாதுன்னு கம்பெனி விதி. வேணும்னா எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் பின்தளத்துக்குக் கொண்டு போறேன். அஞ்சு நிமிஷம்."

"பின்தளம்னா, சமையக்கட்டுக் குப்பைத் தொட்டி வச்சிருக்கீங்களே, அங்கயா?"

கேப்டன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஹால்வர் முப்பத்தைந்து வருடம் பயணிகள் படகில் இஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். வேலை முழுக்கத் தண்ணீருக்குக் கீழே. ஜன்னல் கிடையாது, எண்ணெய்ப் புகையும் இரைச்சலும்தான். நடுவில் கிடைக்கிற இருபது நிமிடத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடுவார். அதனால்தானோ என்னவோ கண்ணாடி என்றால் அவருக்கு ஆகாது. மற்றவர்கள் சூடான கூடத்தில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாகத் திமிங்கலத்தை எடுக்கும்போது இவர் வெளியே நின்று மூக்கு நுனி மரத்துப்போக எடுப்பார். "கண்ணாடி வழியா எடுத்த படம் அடுத்தவன் மென்னு துப்பினது," என்பார். மிருகத்தின் முகத்தை மட்டும் பெரிதாக எடுப்பதும் அவருக்குப் பிடிக்காது. முகம் மிருகக்காட்சி சாலையிலேயே கிடைக்கும், அது நிற்கிற இடத்தோடு சேர்த்து எடு என்பார். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் மாற்றுப் பேட்டரிகள் எப்போதும் தூர்டிஸின் உள்சட்டைக்குள் இருக்கும். இப்போதும் இரண்டு இருந்தன.

மார்ச் மாதம் டிரோம்ஸோ டாக்டர் அவர் இதயத்தைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே அடங்கிக் கிடந்தால் இரண்டு வருடம், வெளியே கிளம்பினால் சொல்ல முடியாது என்றார். மகன் ஐவின் இந்தப் பயணத்தை ரத்து செய்யச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றான். ஹால்வர் கேட்டுக்கொண்டே லென்ஸைத் துடைத்தார். "அந்த ரெண்டு வருஷத்தை நீயே வச்சுக்கோ," என்றார். துணிப் பையைக் கட்டியது தூர்டிஸ்தான். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

கேப்டனின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். ஆஸ்லோவிலிருந்து ஐவின். கப்பலிலிருந்து யாரோ அவனுக்குச் சாவையும் ஜன்னல் கதையையும் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் முதல் வார்த்தையாக.

"சொன்ன."

"ஹெலிகாப்டர் கேட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"எதுக்கு? உங்கப்பாவுக்கு இனி ஒரு அவசரமும் இல்ல."

"ஜன்னலைப் போட்டு உடைக்கறீங்களாமே. நாலு பேர் முன்னாடி கலாட்டா பண்ணாதீங்கம்மா. அப்பாவுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதைக்குத்தான்டா இவ்வளவு பாடும். முப்பத்தஞ்சு வருஷம் தண்ணிக்கு அடியில கிடந்துதான் உன்னை வக்கீலாக்கினார். செத்தப்புறமும் அங்கயே கிடக்கணுமா? இந்தக் கேப்டன் அவரைக் குப்பை வழியா அனுப்பறேங்கறார். நான் கேட்டது ஹெலிகாப்டர் இல்ல, ஒரு கதவு."

ஐவின் ஹெலிகாப்டர் பேச்சை விட்டுவிட்டான்.

"கஷ்டப்பட்டாராம்மா?"

"இல்ல. பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தார்."

"வெளிய போகவா?"

"வேற எதுக்கு?"

அவன் அழுவது கேட்டது. தூர்டிஸுக்கும் அழுதுவிடத் தோன்றியது. ஆனால் இப்போது அழுதால் கேப்டன் ஜெயித்துவிடுவார். கைத்தாங்கலாகப் பிடித்துக் கூடத்தில் உட்காரவைத்து, கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பாட்டுக்குக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அவள் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். நேராகக் கட்டிலுக்குப் போய், விரிப்பின் இரண்டு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

ஹால்வர் தொண்ணூறு கிலோ. ஒரு சாண் நகர்ந்தார். அவள் மறுபடி இழுத்தாள். இன்னொரு சாண்.

"அம்மா, விடுங்க, இடுப்பு போயிடும்."

"போகட்டும்."

அந்த நேரத்தில்தான் வழிகாட்டி ராக்னில் வந்தாள். ஐம்பது வயதுக்காரி, தோளில் எப்போதும் ஒரு துப்பாக்கி. கரடி இருக்கிற நாட்டில் அது இல்லாமல் அவள் கரையிறங்க மாட்டாள். கரடிக்காக இஞ்சினை நிறுத்தச் சொல்லக் கேப்டனைத் தேடி வந்தவள், வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள், தூர்டிஸைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் சங்கதியை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கியைக் கழற்றிக் கேப்டன் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க கால் பக்கம் பிடிங்க. தலைப் பக்கம் நான்."

ஒரு கையில் முக்காலி, ஒரு கையில் துப்பாக்கி, கக்கத்தில் தொப்பியோடு நின்ற கேப்டன், "ராக்னில், விதின்னு ஒண்ணு இருக்கு," என்றார்.

"கரைக்குப் போனதும் என் பேர்ல புகார் எழுதிக்குடு. கையெழுத்துப் போடறேன்."

கேப்டன் நீளமாக மூச்சு விட்டார். "விரிப்போட தூக்கினா படியில திரும்ப முடியாது," என்றார் கடைசியில். "ஸ்ட்ரெச்சர் வரச் சொல்றேன். இருங்க."

ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் தூர்டிஸ் தரையில் உட்கார்ந்து மற்ற பூட்ஸை ஹால்வர் காலில் மாட்டினாள். குதிகால் இறங்கவில்லை. முழங்கையால் அழுத்தி இறக்கி, கயிற்றை இரட்டை முடிச்சாகப் போட்டாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் காலை விட்டுவிட மனசு வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மாலுமிகள் கம்பளியால் மூடித் தூக்கினார்கள். வேலைக்காரர்களின் படியில் இல்லை, பயணிகள் படியில், சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, சமையல்காரர் கரண்டியோடு எழுந்து நிற்க. முன்தளத்தின் கனத்த கதவை ராக்னில் தோளால் தள்ளித் திறந்தாள். குளிர் முகத்தில் வந்து அறைந்தது.

முப்பது பேரும் கம்பியோரம் தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தார்கள். முனையில், எல்லாருக்கும் முன்னால், ஸ்வெர்ரே. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய லென்ஸ் ஒரு கைக்குழந்தை கனம். அந்த முனைக்காக மூன்று நாளுக்கு முன்பு அவருக்கும் ஹால்வருக்கும் சண்டை. "மோட்டார் ரிப்பேர் பண்றவனுக்கு எதுக்குய்யா முன்னிடம்?" என்று இவர் கேட்க, "பல்லு புடுங்கறவனுக்கு எதுக்குக் கரடி, வாயைத் திறக்கச் சொல்லப் போறியா?" என்று அவர் கேட்க, அன்றிலிருந்து பேச்சு கிடையாது. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட இருவரும் தூர்டிஸிடம்தான் கேட்டார்கள்.

கதவுச் சத்தத்துக்கு ஒருவர் திரும்பினார். பிறகு இருவர். பிறகு எல்லாரும்.

கரடி அங்கேதான் இருந்தது. கப்பல் நெருங்கலாம் என்று சட்டம் சொன்ன தூரத்தில், ஒரு பனிப்பாளத்தின் விளிம்பில், பக்கவாட்டில் நின்றது. அதன் பின்னால் பனியாற்றின் நீலச் சுவர். மேகத்தின் அடியிலிருந்து வந்த வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. ஹால்வர் ஆறு நாளாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வெளிச்சம். ஆனால் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொரு கேமராவாகக் கீழே இறங்கியது. தொப்பிகள் கழன்றன. எல்லாரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூர்டிஸுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. ஹால்வரைத் தூக்கிக்கொண்டு வந்தது இதற்காகவா? நல்ல வெளிச்சத்தில் முப்பது பேருடைய படத்தைக் கெடுத்த மனுஷன் என்று பேர் வாங்கிக்கொண்டு போவதற்கா?

"எதுக்கு இப்படி நிக்கறீங்க?" என்றாள். "எடுங்க."

யாரும் அசையவில்லை.

"ஆறு நாளா எதுக்குக் காத்துக் கிடந்தீங்க? அவர் உயிரோட இருந்திருந்தா இந்நேரம் உங்க எல்லாரையும் முழங்கையால இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போயிருப்பார். துக்கம் கேக்கறவங்க சாப்பாட்டு மேசையில வந்து கேளுங்க, நான் எங்கயும் போகல. கரடி நிக்காது."

ஸ்வெர்ரேதான் முதலில் அசைந்தார். தன் முக்காலியை அலாக்காகத் தூக்கி இரண்டு அடி தள்ளி வைத்தார். பக்கத்திலிருந்தவரையும் தோளால் நகர்த்தினார். முனையில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் உண்டானது.

"இங்க வைங்க," என்றார் மாலுமிகளிடம். "இங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

ஸ்ட்ரெச்சரைக் கம்பியோரம், இரண்டு கயிற்றுச் சுருள்களின்மேல் உயர்த்தி வைத்தார்கள். கேப்டன் மேலே போயிருக்க வேண்டும். காலடியில் ஆறு நாளாக ஓயாமல் இருந்த இஞ்சின் அதிர்வு சட்டென்று நின்றது. கப்பல் தானாக மிதந்தது.

"பனியில வெள்ளையெல்லாம் படத்துல சாம்பலா விழும்," என்றாள் தூர்டிஸ், ஸ்வெர்ரேயிடம். "வெளிச்சத்தை ரெண்டு சொடுக்கு கூட்டி வைங்க."

"வச்சிருக்கேன்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எங்கோ ஒரு கேமரா சொடுக்கியது. இன்னொன்று. பிறகு முப்பதும், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல.

தூர்டிஸ் கரடியைப் பார்க்கவில்லை. குனிந்து ஹால்வரின் முகத்தை மூடியிருந்த கம்பளியை மார்புவரை இறக்கினாள். பனியின் மேலிருந்து காற்று வந்தது. அவருடைய நரைமுடி நெற்றியிலிருந்து எழும்பி, கலைந்து, படிந்தது. மறுபடி எழும்பியது. அதை ஒதுக்கிவிட அவள் கை தானாகப் போனது. பாதியில் நிறுத்தி, கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காற்று அவர் தலையைக் கலைத்துக்கொண்டே இருந்தது.