சுவரில் இரண்டாவது ஓட்டை

எங்கள் வீட்டு முன்சுவரைப் பற்றி என் கணவர் பேச ஆரம்பித்தால், கேட்பவருக்கு வந்த வேலை மறந்துபோகும். தெருவே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. பூச்சுப் பூசாத செங்கல் சுவர் அது. சிவப்புக் கல்லுக்கு நடுவே கருகச் சுட்ட கற்களைக் கோத்து, சீட்டுக்கட்டில் வரும் டைமன் மாதிரி வரிசையாக வைத்து, அவரே கட்டியது. அதில் ஆணி அடிக்கக் கூடாது, எதிரே கொடி கட்டக் கூடாது, முதுகு சாய்க்கக் கூடாது. யாருக்காவது சுவரைக் காட்டும்போது மட்டும் அவரே குறிப்பிட்ட ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் பின்னாலும் அடுத்தவர்கள் வீட்டுச் சுவர். மாடியில் வேறு குடும்பம். துணி காயப்போட வாசலை விட்டால் இடமில்லை, வாசலிலோ மகாராஜாவின் சுவர். அதனால்தான் டிரையர் மெஷின் வந்தது. குளியலறைக்கு வெளியே, முன்சுவரின் உள்பக்கமாக ஒரு மேடை மேல் அதை வைத்தோம்.

மெஷினிலிருந்து வரும் ஈரக்காற்று வெளியே போக வேண்டுமே! குளியலறை ஃபேனுக்காக, வீடு கட்டும்போதே கூரையை ஒட்டி ஓர் ஓட்டை விட்டிருந்தார் மேஸ்திரி. இப்போது கவட்டை போலப் பிரியும் குழாயை வாங்கி வந்து, ஒரு காலில் ஃபேனையும் இன்னொரு காலில் டிரையரையும் மாட்டி, இரண்டையும் அந்த ஒரே ஓட்டையில் விட்டார். "ஒரே ஓட்டை, ரெண்டு வேலை!" என்று பால் போடுகிறவரிடம்கூடச் சொன்னார்.

எங்கள் மகள் சின்னவளுக்கு இதே வேலைதான். வெளியூரில் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் போடுகிறாள். அதைப் படிக்கப் போனபோதே, "வீடு கட்டுறவன் பொண்ணு காத்துப் பிடிக்கப் போறாளாம்" என்று மேஸ்திரி சிரித்தார். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஏதோ குழாய் வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சைச் சுவருக்குத் திருப்பிவிடுவார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? அப்பா ஒரு தடவையாவது தன் வேலையை வேலை என்று மதிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குக் குறை. எனக்கும் அதுதான் குறை.

லீவுக்கு அவள் வந்திருந்தபோது என் அண்ணனும் வந்திருந்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் டிரையரைப் போட்டுவிட்டேன். ஈரத்தலை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சோடு வெளியே வந்தார்.

"என்ன மாப்ளே, தண்ணிக்குப் பதிலாப் பஞ்சு கொட்டுது உங்க வீட்டுல?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னவள் சிரிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுற்றிக்கொண்டிருந்த ஃபேனுக்கு நேராக ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தாள். உள்ளே இழுத்து ஒட்ட வேண்டிய காகிதம் அவள் முகத்துக்கே பறந்து வந்தது.

"அப்பா, டிரையர் காத்து இங்க திரும்பி வருது."

"வராது. நடுவுல மூடித்தகடு வச்சிருக்கேன்."

"அந்தத் தகடு லேசுப்பா. மெஷின் தள்ளுற வேகத்துக்கு நிக்காது. குளியல் ஈரமும் துணிப்பஞ்சும் ஒண்ணா சேர்ந்தா குழாய்க்குள்ள அப்பிக்கும். அடைச்சா மெஷின் சூடாகித் தீயே பிடிக்கலாம்."

"வீடு கட்டுறது நானா, நீயா?"

"வீடு நீங்க. காத்து நான்."

சொன்ன கையோடு குழாயைக் கழற்றிக் கீழே வைத்தாள். உள்ளே பழைய கம்பளியை நனைத்து அடைத்த மாதிரி பஞ்சு. மேஸ்திரி குனிந்து பார்த்தார். சுத்தம் செய்து மாட்டிவிடலாம் என்றார்.

"மறுபடியும் அடைக்கும். ரெண்டுக்கும் தனித்தனி வழி வேணும். முன்சுவர்ல இன்னொரு ஓட்டை போடணும்ப்பா."

என் அண்ணன் காலில் போட்டிருந்த செருப்பையே தேட ஆரம்பித்தார்.

"மெஷினை யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வெளியே போனார். சின்னவள் பஞ்சைக் கூட்டி அள்ளினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மறுநாள் காலை, அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், வீட்டில் இருந்த துணி அத்தனையையும் துவைத்தேன். கேட்டிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டினேன். போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு என்று சுவர் துளிகூடத் தெரியாதபடி தொங்கவிட்டேன். நட்டநடுவில், தெருவே பார்க்கும்படி, மேஸ்திரியின் ஜட்டிகள்.

"என்னடி இது!" என்றார் திரும்பி வந்தவர்.

"மெஷின் வேணாம்னீங்க. துணி எங்க காயும்? உங்க தலையிலயா?"

"சுவரே தெரியலையே!"

"சுவரு தெரியலைன்னதும் இந்தக் குதி குதிக்கிறீங்க. பெத்த பொண்ணு என்ன வேலை செய்யுறான்னு இத்தனை நாளா உங்களுக்குத் தெரியல. அதுக்கு யாரு குதிக்கிறது?"

அவர் ஈரத்துணிகளுக்கு நடுவிலேயே நின்றார்.

சின்னவள்தான் போர்வையை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் சாக்பீஸோடு. சுவரில், நெஞ்சு உயரத்தில் ஒரு டைமனின் நடுவே வட்டம் போட்டாள்.

"இங்கப்பா. மெஷினுக்கு நேர் பின்னால. கருப்புக் கல்லு எதுவும் அடிபடாது, டைமன் அப்படியே இருக்கும்."

மேஸ்திரி வட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏன், இதுக்கு அடுத்த டைமனும் மெஷினுக்குப் பின்னாலதானே, நின்னு அறுக்க உனக்கு இன்னும் வசதியாச்சே?"

"வசதிதான். ஆனா அதுல ஒரு கல்லு கோணலா உக்காந்திருக்கு. அங்க அறுக்குற மெஷினை வச்சா விரிசல் விட்டுடும்."

மேஸ்திரியின் முகம் மாறியது. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆள் வந்தால் இந்த மனிதர் போய் ஒட்டிக்கொண்டு மறைத்தது அந்தக் கல்லைத்தான்.

"எப்ப பார்த்த அதை?" என்றார் மெதுவாக.

"சின்னப் பிள்ளையிலயே. உங்க சுவரைப் பார்த்துத்தானே வளர்ந்தேன்."

"சரி. போடு" என்றார்.

வாடகைக்கு எடுத்து வந்த, வட்டமாக அறுக்கும் மெஷினை அவள் பிடிக்க, பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியது மேஸ்திரி. எத்தனையோ பேரை வைத்து வேலை வாங்கிய மனிதர், இன்னொருவருக்கு எடுபிடியாக நின்று நான் பார்த்ததே இல்லை. அவள் அவசரப்படவில்லை. கடைசியில் கல் உருளையாக, சேதமில்லாமல் கையோடு வந்தது. சுவரில் மயிரிழை விரிசல் இல்லை. மேஸ்திரி ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிச் சுற்றித் தடவினார். என் பிள்ளை என்று தெருவெல்லாம் கேட்கக் கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

டிரையருக்கு நேரான குட்டைக் குழாய் போட்டாள். பழைய ஓட்டை ஃபேனுக்கு மட்டும். மெஷினையும் ஃபேனையும் ஒன்றாக ஓடவிட்டு, அதே காகிதத்தை மறுபடி நீட்டினாள். ஃபேனின் கம்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

கொடியை அவிழ்த்துத் துணியை எல்லாம் உள்ளே கொண்டுவந்து டிரையரில் போட்டேன். சாயங்காலம் அந்த வழியாகப் போன ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து, புதிய ஓட்டைக்கு எதிரே கையை வைக்கச் சொன்னார்.

"எப்படி வருது காத்து?"

"நல்லா வெதுவெதுன்னு வருதே!"

"என் பொண்ணு வேலை. ஆஸ்பத்திரிக்கெல்லாம் காத்துக்கு வழி போடுறவ. கல்லுல ஒரு கீறல் இருக்கா பாருங்க."

"இல்லையே. சுவர் நீங்க கட்டினதா?"

"அது கிடக்கட்டும். நீங்க ஓட்டையைப் பாருங்க."

ஜன்னலுக்கு உள்ளே சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை. வெளியே மேஸ்திரி அவள் போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். அடுத்த டைமனில் அந்தக் கோணல் கல் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது.