சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடாத பெயர்

வெள்ளிக் குவளை கைமாறிக் கைமாறி நெரிஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. விளிம்புவரை பீர். ஆக்ஸ்போர்டின் ஆல்ஃபேஜ் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடமே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் செய்த குற்றம்? பக்கத்திலிருந்த தோழியை எதிரில் இருந்த பையனுக்கு அறிமுகப்படுத்தினாள். "இவ ஹெஸ்டர்." அவ்வளவுதான்.

மேசையில் பெண் பெயரை உச்சரித்தவர் அந்தக் குவளையை ஒரே மூச்சில் காலி செய்தாக வேண்டும். மறுத்தால் அந்தக் கல்விப் பருவம் முடியும்வரை கூடத்தில் சாப்பிட இடம் கிடையாது. ஆண்கள் மட்டுமே படித்த காலத்துச் சட்டம். 1979 அக்டோபரில் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி, சட்டத்தை மாற்ற மறந்துவிட்டது.

நெரிஸ், வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஒருவரின் மகள். ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ரயில் ஏறியவள். கூடத்தில் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. எத்தனை பரீட்சை எழுதிப் பிடித்த இடம்!

"என்ன மேடம் யோசனை? நுரை அடங்கிடப் போகுது," என்றான் மேசைத் தலைவன் ஆம்ப்ரோஸ், மூன்றாம் ஆண்டு.

"பேர் சொல்லாம எங்களை எப்படித்தான் கூப்பிடுவீங்க?" ஹெஸ்டர் சீறினாள்.

"'உப்பை இந்தப் பக்கம் தள்ளு'ன்னு சொல்ல எதுக்கும்மா பேரு?" என்றது ஒரு குரல். ஒரே சிரிப்பு.

குவளை வந்து சேர்ந்தது. நெரிஸ் அதைத் தொடவில்லை.

"ஒரு சந்தேகம். இன்னிக்கு எனக்கு முன்னாடியே வேற யாராவது பொண்ணு பேரைச் சொல்லியிருந்தா?"

"குவளை அவனுக்குப் போகும். ஆனா இங்க இருக்கிறவங்க எல்லாம் பழைய ஆளுங்க. உளற மாட்டாங்க."

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? சூப் வந்ததுலேருந்து நான் உருளைக்கிழங்கைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கேன்."

"சூப் வர்றதுக்கு முன்னாடி."

அதற்கு முன் அவன் சொன்னது லத்தீன் ஜெபம் ஒன்றுதான். தினமும் அவன்தான் சொல்வான். பசித்தவர்கள் வாழ்த்தும்படி ஒரே மூச்சில் கடகடவென்று முடிப்பதில் அவனுக்குப் பெருமை.

"அதையே இன்னொரு தடவை சொல்லுங்களேன். மெதுவா."

தட்டல் நின்றது. கூடத்தின் கோடியில், மேடைமேல் தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேராசிரியர்கள் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார்கள். ஆம்ப்ரோஸ் சிரித்தபடி எழுந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். ரொட்டிக்கு நன்றி. கூரைக்கு நன்றி. இவற்றைத் தந்த...

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. காது மடல் சிவந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் நெரிஸ், குவளையை அவன் பக்கம் நகர்த்தியபடி.

"...ஆவிசியா," என்றான் மெல்ல.

மேடையில் கல்லூரித் தலைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடமே இடிந்துவிழுவதுபோல் ஆரவாரம். ஹெஸ்டர் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

"டேய், யாருடா அந்த ஆவிசியா?" கடைசியிலிருந்து ஒருவன் கத்தினான்.

ஆம்ப்ரோஸ் குவளையை இரு கைகளாலும் தூக்கினான்.

"இந்தக் கல்லூரியைக் கட்டின அம்மாடா," என்றான்; குடிக்கத் தொடங்கினான்.