ஐந்தாம் வருடத்து அப்டேட்

1

"பேர்கூட இல்லாத சாவுச் செய்தி. அதுல இருக்கிற லிங்கை அமுக்குவாளா ஒருத்தி?"

"சாவுன்னு வந்தப்புறம் யாரு எவருன்னு—"

"'என் அம்மா இறந்துட்டாங்க'ன்னு இருக்கு. நம்ம வயசுல யாருக்குடி அம்மா உசுரோட—"

"நம்ம வகுப்பு சோங்-சிக் அம்மாவுக்கு நூத்தியொரு வயசு. போன மாசம்கூட என் கிம்ச்சியில உப்பு பத்தலைன்னாங்க."

இந்தக் கதை பிறந்தது இங்கேதான்: எங்கள் ஊரான சுன்ச்சோனில், மல்-சுன் வீட்டுச் சமையலறையில். முதல் குரல் என்னுடையது. இரண்டாவது மல்-சுன், எங்கள் தொடக்கப்பள்ளி வகுப்புச் சங்கத்துக்கு இருபது வருடமாகச் செயலாளர். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகங்களை அப்புறம் தேடிப் பொருத்திக்கொள்வேன்.

2

எங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சங்கத்தின் மலர்வளையம் மற்றதற்கெல்லாம் முன்னால் போய் நிற்க வேண்டும். மல்-சுன்னுக்கு அது மானப் பிரச்சினை. செய்தி வந்ததும் ஒரு கை துக்க வீட்டுக்குப் போடும் கறுப்புச் சட்டைக்குள் நுழைய, மறு கை லிங்கை அமுக்கிவிட்டது. (திருடர்களுக்கு எங்களைத் தெரியும். கல்யாண அழைப்பைக்கூட ஒதுக்குவோம். சாவை ஒதுக்க மாட்டோம்.)

அது திருட்டுச் செய்தி. அந்த லிங்கில் வந்த செயலி போனுக்குள் நுழைந்திருந்தால், அதே சாவை அவள் பெயரிலேயே அவள் போனில் இருக்கும் எங்கள் அறுபத்து மூன்று பேருக்கும் அனுப்பியிருக்கும். மல்-சுன் அனுப்பியதாயிற்றே, யோசிக்காமல் அமுக்கியிருப்போம். சட்டையும் மாட்டியிருப்போம். சேமிப்பு போயிருக்கும். அதோடு, நாளைக்கு நிஜமாகவே யாராவது கண்ணை மூடினால், அவள் சொல்வதை நம்பி ஒருவரும் வராத நிலை ஆகியிருக்கும்.

ஆனால் போன் விடவில்லை. ஆபத்தான செயலி, தடுத்துவிட்டேன் என்று திரையில் ஒரு வரி காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

பழைய போன் அது. நாலு வருடம்தான் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று சொல்லி விற்றது. அது முடிந்தே ஏழு மாதம். பழுது பார்க்கும் கடைக்காரர் நோண்டிப் பார்த்தார். கெடு முடிந்த பிறகு, ஐந்தாம் வருடத்தில், ஒரே ஒரு அப்டேட் வந்திருக்கிறதாம். சரியாக இந்தத் திருட்டுச் செயலி நுழையும் ஓட்டையை அடைக்க.

"யாரோ மெனக்கெட்டிருக்காங்கம்மா" என்றார்.

அந்த 'யாரோ' என் காதை விட்டுப் போகவில்லை.

3

அந்த யாரோவை எழுத உட்கார்ந்தேன்.

அன்று போன் கம்பெனி வளாகத்தில் மழை பெய்துகொண்டி— வேண்டாம். அங்கே மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேதாவி இளைஞன் ஒருவ— இவனையும் அடித்துவிட்டேன். கூப்பிடாமலே எல்லாக் கதைக்கும் வந்துவிடுகிறான்.

ஹே-ரான், கம்பெனியில் அப்டேட் எழுதுகிறவள், நாற்பத்தெட்டு வயது. அவள் மேலதிகாரி குவாக். பெயர் வைத்ததுமே பேச்சு கேட்டது.

"கெடு முடிஞ்ச மாடல், ஹே-ரான். குடுத்த வாக்கைக் காப்பாத்தியாச்சு."

"காப்பாத்தியாச்சு சார். ஓட்டை இருக்கே."

"புதுசு வாங்கிக்கட்டும்."

"வாங்கறவங்க எப்பவோ வாங்கியிருப்பாங்க. இன்னும் வச்சிருக்கிறவங்க வாங்க முடியாதவங்க."

"ஆள் தர முடியாது."

"மதியச் சாப்பாட்டு நேரம் என்னோடதுதானே சார்?"

(இது ஒரு ஆள் வேலையா என்று எனக்கே சந்தேகம். சோதித்துப் பார்க்க மட்டும் முப்பது பேர் வேண்டுமாம், கடைக்காரர் சொன்னார். அப்படியானால் ஹே-ரானை முப்பதால் பெருக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.)

4

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

ஒன்று: ஹே-ரானுக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். குவாக் கைதட்டுகிறார். நான் குவாக்கை நம்பவில்லை.

இரண்டு: ஹே-ரானின் அம்மாவிடமும் அதே போன். இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கிழித்தேன். அம்மாவுக்காகச் செய்தாள் என்றால் எங்களுக்காகச் செய்யவில்லை என்றாகிவிடுகிறது. முகம் தெரியாத அறுபத்து மூன்று கிழங்களுக்காகச் செய்தாள் என்பதுதான் என்னை எழுத வைத்ததே.

மூன்றாவது எனக்கு வரவில்லை. உங்களில் யாராவது அந்த வேலையில் இருக்கலாம். இருந்தால் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது; என்னிடம் நன்றி மட்டும் இருக்கிறது.

5

இதுவரை எழுதியதை மல்-சுன்னுக்குப் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை புது போன் வாங்கப் போவதாக முனகலோடு ஒப்புக்கொண்டாள். ஹே-ரானின் வேலை எத்தனை நாள் நடந்தது என்று கேட்டாள். இரண்டு வாரம் என்று வைத்திருப்பதாகச் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கிம்ச்சி ஊறும் ஜாடியைத் திறந்தாள். டப்பா ஒன்றை எடுத்துத் துடைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"ரெண்டு வாரமும் மதியத்துக்கு அவ என்னதாண்டி சாப்பிட்டா?"